குரல் வேண்டாதது

பிப்ரவரி 9

அம்மாடி,

நீ போனைப் பாதியில் வைத்த பிறகு நானும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ அழுவாய். இல்லாவிட்டால் நீ கத்துவாய், நான் அழுவேன். இரண்டு பேரிடமும் அதற்குத் தெம்பு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவளுக்கு இதுவே அதிகம். பொறுத்துக்கொண்டு படி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போனில் நீ சொல்ல விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டால் இடம் இல்லை என்று சிவப்பாக ஒரு கட்டம் வந்து நின்றது. உன் அண்ணன் செத்ததிலிருந்து நான் அதில் புதிதாக ஒன்றும் ஏற்றவில்லை. நிரப்பி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். சாவுக்கு வந்திருந்தபோது நீயே சொன்னாய். "அண்ணி, நல்லா வந்ததை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிப் போடுங்க. இல்லேன்னா மெஷின் ஒருநாள் நின்னுடும்." அது ஞாபகம் வந்தது. உட்கார்ந்து பிரித்தேன்.

கடைகளின் விளம்பர வண்டிக்காக அவர் பேசி, நான் நறுக்கி ஒட்டிக் கொடுத்ததில் நல்லபடியாக வந்தது எல்லாம் "குரல்" என்ற ஃபோல்டரில் முன்பே இருந்தது. மெத்தைக் கடை, செருப்புக் கடை, கண்ணாடிக் கடை, பல் டாக்டர் எல்லாம் அதில்தான். வெளியே சிதறிக் கிடந்தது இருமினது, வாய் குழறினது, பாதியில் நிறுத்தினது. அதையெல்லாம் பொறுக்கி ஒரு புது ஃபோல்டரில் சேர்த்தேன். "குரல் வேண்டாதது" என்று பேர் வைத்தேன். ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் தூக்கிப் போட மனசு வராது. நல்லபடியாகப் பேசினதே இருக்கும்போது இருமல் எதற்கு என்று நினைத்தேன்.

அப்புறம் கம்ப்யூட்டரில் வேண்டாததை அழிக்க நீ செய்து கொடுத்த துடைப்பத்தை அமுக்கினேன். எதை அழிக்க வேண்டும், பேர் என்ன என்று கேட்டது. ஒற்றை விரலால் பார்த்துப் பார்த்து அடித்தேன். "முடிந்தது" என்று வந்தது. அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மெத்தைக் கடைக்காரர் வந்தார். "அம்மா, வண்டியில இருந்த பென் டிரைவ் மழையில நனைஞ்சு போச்சு. ஐயா பேசினதை இன்னொரு தடவை ஏத்திக் குடுங்க"ன்னு கேட்டார். உட்காரச் சொல்லிவிட்டுத் திறந்தேன். குரலைக் காணோம். மேலே தேடினேன், கீழே தேடினேன். "குரல் வேண்டாதது" மட்டும் அப்படியே குந்தியிருக்கிறது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே எழுந்துவிட்டார். "பரவால்லம்மா, அவசரமில்ல"ன்னு சொல்லிவிட்டு, குடை எடுக்க மறந்துபோய், நனைந்துகொண்டே போனார்.

வேண்டாததைப் போடச் சொன்னால் வேண்டியதைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறது உன் துடைப்பம். எப்படியாவது எடுத்துக் கொடு. சுவரில் அவர் படம் இருக்கிறது. அது பேசாது. போனிலும் ஒன்றும் இல்லை. ஒரு மெசேஜைக்கூடப் பேசி அனுப்ப மாட்டார். "பேசிப் பிழைக்கிறவன் ஓசியில பேசுவானா?" என்பார்.

எனக்கு அவர் குரல் வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணி

பிப்ரவரி 15

அண்ணிக்கு,

ஆபீஸில் அத்தனை பேர் நடுவில் நின்று அழ முடியாது என்றுதான் போனை வைத்தேன். கோபமும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நடந்தது இதுதான். துடைப்பம் நான் செய்த சின்னப் புரோகிராம். அதற்கு ஸ்பேஸ் வந்தால் ஒரு பேர் முடிந்தது, அடுத்த பேர் தொடங்குகிறது என்று அர்த்தம். நீங்கள் "குரல் வேண்டாதது" என்று அடித்தீர்கள். அது இரண்டு உத்தரவாக எடுத்துக்கொண்டது. குரலை அழி. வேண்டாததை அழி. வேண்டாதது என்று தனியாக அங்கே எதுவும் இல்லை. குரல் இருந்தது. அழித்துவிட்டது.

இதற்காகத்தான் மானிட்டருக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டினேன். பேருக்கு நடுவில் ஸ்பேஸ் விடாதீர்கள், அண்டர்ஸ்கோர், அந்த அடிக்கோடு, போடுங்கள் என்று. பெரிய எழுத்தில், சிவப்பு மையில். அதற்கு மேல் நீங்கள் காலண்டரை மாட்டியிருந்தீர்கள். சாவுக்கு வந்தபோது பார்த்தேன்.

குப்பைத் தொட்டிக்குப் போகாமல் ஏன் ஒரேயடியாக அழிகிறது என்று கேட்பீர்கள். அண்ணன் கேட்டது அப்படி. "குப்பையையும் நானே கொட்டணுமா? நேரா ஒழிஞ்சு போற மாதிரி செஞ்சு குடு"ன்னார்.

இன்னொன்றை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. இத்தனை வருஷம் அந்தத் துடைப்பம் ஒரு தப்பும் செய்யவில்லையே, ஏன் என்று யோசித்தீர்களா? நீங்கள் கோடு போட்டதால் இல்லை. நீங்கள் போட்டதே இல்லை. நீங்கள் அடுப்படிக்குப் போன பிறகு அண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் இடம் விட்ட பேரையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லியிருக்கிறார். "அவ இடம் விட்டுட்டுத்தான் போவா. நான் பின்னாடியே போய்ப் போட்டுட்டு வந்துடறேன். நீ அவகிட்ட சொல்லித் தொலைக்காத." துடைப்பத்தை மாற்றித் தருகிறேன் அண்ணா என்றேன். "இது ஒரு வேலையா? போகும்போது கதவைச் சாத்துற மாதிரி. நீ உன் வேலையைப் பாரு வாலு."

அவர் இல்லை. கோடு போட ஆள் இல்லை. அதனால் போய்விட்டது. இதில் துடைப்பத்தைத் திட்டி என்ன பிரயோஜனம்?

இனிமேல் அந்தக் கம்ப்யூட்டரைப் போடவே போடாதீர்கள். போடப் போட, அழிந்த இடத்தின் மேல் அது வேறு எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். ரிப்பேர்க் கடைக்காரரைக் கூப்பிட்டு டிஸ்கை மட்டும் கழற்றச் சொல்லி எனக்குக் கூரியரில் அனுப்புங்கள். அதற்குள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். யாரிடமாவது பழைய பென் டிரைவ் இருக்கலாம்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 22

அம்மாடி,

டிஸ்கை அனுப்பியிருக்கிறேன். ரிப்பேர்க் கடைக்காரர் வந்து பெட்டியைத் திறந்து ஊதினார். ஒரு கூடை தூசி. "ஏம்மா, உள்ள ஒரு குடும்பமே இருக்கும் போலிருக்கே"ன்னு சிரித்தார். அப்புறம் சுவரில் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்களேன் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்வதற்கும் அலுப்பாக இருக்கிறது. டிஸ்கை உன் அண்ணனுடைய பழைய பனியனில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உடையாமல் வர வேண்டும்.

கடைகளுக்கெல்லாம் போய்க் கேட்டேன். பழசு யாரிடமும் இல்லை. புதுசு கொடுக்கும்போது பழசை அவரே அழித்துவிட்டுத்தான் ஏற்றுவாராம். "ரெண்டும் இருந்தா வண்டிக்காரன் மாத்திப் போட்டுத் தொலைப்பான்" என்று. அவர் போன பிறகு அதே மாதிரி பழசை அழித்துவிட்டு ஏற்றின புதுசு எல்லாம் வேறு ஆள் பேசினது. செருப்புக் கடையையே மூடிவிட்டார்கள். பல் டாக்டர் மட்டும் வைத்திருந்தார். அதுவும் வண்டிக்குப் பேசினது இல்லை, யாரோ நர்ஸ் போனில் மணியாக வைத்துக்கொண்டது. "பல் வலியா? இனி கவலை வேண்டாம்!" அவ்வளவுதான். அந்தப் பெண் எனக்காக அதைப் போட்டுக் காட்டினாள். அங்கே வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

உன் கடிதத்தில் கடைசியாக எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். நீ என்னைக் குத்தத்தான் எழுதினாய். குத்தியது. பரவாயில்லை, உனக்கும் வலி இருக்கும், எங்காவது இறக்கத்தானே வேண்டும்.

ஆனால் அது எனக்குத் தெரியாது அம்மாடி. சத்தியமாகத் தெரியாது. வேலை முடிந்ததும் "நீ போ, நான் அணைச்சுட்டு வரேன்" என்பார். அணைக்க அவ்வளவு நேரம் எதற்கு என்று நினைப்பேன். தன் குரலைத் தானே போட்டுக் கேட்டு ரசிக்கிறார் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். தட்டை வைத்துவிட்டு, "ரசிகர் மன்றம் கலைஞ்சாச்சா? சோறு ஆறுது" என்று கத்துவேன். "இதோ கலைஞ்சாச்சு" என்று வருவார். ஒருநாள்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை. நான் என் வேலையைச் சரியாகத்தான் செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. படிக்காதவள் கம்ப்யூட்டரில் நறுக்கி ஒட்டுகிறாள் பார் என்று. அதுவும் பாதி அவர் செய்ததுதான் போலிருக்கிறது.

ஏன் கோடு போடவில்லை என்று கேட்டால், அதற்கு ஒரு கையால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அமுக்க வேண்டும். அது ஒரு சாக்குதான். நிஜம் என்னவென்றால், எழுதினால் சொல்லுக்குச் சொல் இடம் விட்டுத்தானே எழுதுகிறோம்? பேசும்போது மூச்சு விடுகிறோம். மூச்சு விட்ட இடத்திலெல்லாம் பேச்சு முடிந்துவிட்டது என்று எழுந்து போகிறவனை என்ன சொல்வாய்? மனிதனாக இருந்தால் கேட்டிருப்பான், "அப்புறம்?" என்று. உன் துடைப்பம் கேட்கவில்லை.

சரி, இதையெல்லாம் எழுதி யார் ஜெயிக்கப் போகிறோம். எடுத்துக் கொடு. முடிந்தால்.

அண்ணி

மார்ச் 10

அண்ணிக்கு,

நல்ல செய்தி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிஸ்க் பத்திரமாக வந்தது. பனியனோடு. ஆபீஸ் முடிந்து வந்து ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பார்த்தேன். இந்த வேலையே செய்கிற ஒருவரிடமும் கொடுத்துப் பார்த்தேன். பேர்கள் மட்டும் திரும்பி வந்தன. மெத்தை_கடை_கடைசி_வாரம். கண்ணாடி_கடை_புது_விலாசம். செருப்பு_கடை_பள்ளி_திறப்பு. பேருக்குள்ளே திறந்தால் சத்தம் இல்லை. சிலதில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அணைத்தபோதே கம்ப்யூட்டர் தானாக எதையோ புதுப்பித்துக்கொண்டு அந்த இடத்தின் மேல் எழுதிவிட்டது. அது உங்கள் தப்பு இல்லை. மெத்தைக் கடைக்காரர் வந்தபோது நீங்கள் திறக்காமல் இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். இது நிஜம், ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

இப்போது இன்னொன்று. "குரல் வேண்டாதது" முழுசாக இருக்கிறது. டிஸ்க் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று பார்க்க அதிலிருந்து மேலே இருந்த சிலதை ஓட்டிப் பார்த்தேன். நிறுத்த முடியவில்லை. ஒன்றை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன்: "இடுப்பு வலியா? முதுகு வலியா? படுத்தவுடன் தாலாட்டும் மெத்தைகள்…"

நீங்கள்: "நீங்களே தூங்கிடுவீங்க போலிருக்கே. கொஞ்சம் முழிச்சுக்கிட்டுப் பேசுங்க."

அண்ணன்: "மெத்தைக்கு இப்படித்தான் பேசணும்."

நீங்கள்: "கேக்கிறவன் ரோட்டுல வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பான். ஆஸ்பத்திரி மெத்தையிலதான் படுப்பான்."

அண்ணன்: "அப்ப நீ வந்து பேசு."

நீங்கள்: "நான் பேசினா அவர் மெத்தையைச் சுருட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிடுவாரு."

அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அண்ணனுக்கு இருமல் வருகிறது. நிற்கிறது.

இன்னொன்று செருப்புக் கடை. அதில் குக்கர் விசில் அடிக்கிறது. "அதை நிறுத்தித் தொலைடி." "நிறுத்தினா வேகாது." "வேகாட்டி பரவால்ல." "அப்புறம் தட்டுல பார்த்துட்டு மூஞ்சியைத் தூக்குவீங்க."

நான் கேட்ட எல்லாவற்றிலும் இப்படித்தான் அண்ணி. அழிந்துபோன ஃபோல்டரில் அண்ணன் மட்டும்தான் இருந்திருப்பார். கடைக்காரருக்காகப் பேசுகிற அண்ணன். இதில் நீங்களும் இருக்கிறீர்கள். பாதி கெட்டுப் போனதே நீங்கள் நடுவில் வாயை விட்டதால்தான்.

எனக்கு ஒரு காப்பி வேண்டும். நீங்கள் சரி என்று சொன்னால் எடுத்துக்கொள்கிறேன். சொல்லாமல் எடுத்துக்கொண்டாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. ஆனாலும் கேட்கிறேன். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார், இல்லாவிட்டால் நான் கூப்பிடுவேன். அதில் ஒன்றைக்கூட நான் பதிந்து வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு இருக்கிறது என்று நினைத்தேன். இந்தக் குரல்களில் நான் எங்கேயும் இல்லை, இருக்க நியாயமும் இல்லை. இருந்தாலும் அவர் குரல்தானே.

இங்கே என் அறை ஜன்னலைத் திறக்க முடியாது, ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். சத்தம் வெளியே போகாது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வைத்துக் கேட்டேன். பக்கத்து அறைப் பெண் வந்து, "ஊர்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வாலு

மார்ச் 16

நாத்தனாருக்கு,

யார் உன்னைக் கேட்கச் சொன்னது?

நான் குரலை எடுத்துத் தரச் சொன்னேன். அது கடைத்தெருவில் எல்லோரும் கேட்டது. இது எங்கள் அறைக்குள் பேசினது. கதவைச் சாத்திக்கொண்டு, போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்து பேசினது. அதில் நாங்கள் என்னென்ன பேசியிருப்போம் என்று உனக்கு என்ன தெரியும்? உன் கல்யாணப் பேச்சு வந்திருக்கும். உன்னைத் திட்டியிருப்பேன். வாடகை கேட்கிற வீட்டுக்காரரைத் திட்டியிருப்போம். கொஞ்சியும் இருப்போம், உனக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நானே இன்னும் கேட்கவில்லை. செத்துப்போன என் புருஷன் என்னை "நிறுத்தித் தொலைடி" என்று திட்டினதை நான் உன் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். நன்றாக இருக்கிறதா இது? கண்ணில் பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நீயும் அவரும் எனக்குத் தெரியாமல் கோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டீர்கள். இப்போது எனக்கு முன்னால் நீ இதையும் கேட்டுவிட்டாய். எனக்கென்று தனியாக ஏதாவது மிச்சம் வைப்பதாக உத்தேசம் உண்டா?

காப்பி எடுக்காதே. டிஸ்கைத் திருப்பி அனுப்பு. அப்படியே அனுப்பு. ஒரு பேரையும் திருத்தாதே.

மார்ச் 24

அண்ணிக்கு,

டிஸ்க் இத்துடன் வருகிறது. ரிப்பேர்க் கடைக்காரரிடம் மாட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கிற பச்சை ஒயரை இழுத்து மாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், லேசாக அமுக்கினால் போதும்.

காப்பி எடுக்கவில்லை. மேலே இருந்த சிலதைத் தவிர எதையும் கேட்கவில்லை.

துடைப்பத்தை எடுத்துவிட்டேன். இனி எதையாவது அழிக்க வேண்டுமென்றால் நீங்களே கையால் இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். போட்டாலும் திரும்ப எடுக்கலாம். இடம் போதாது என்று வந்தால் எனக்கு எழுதுங்கள், பெரிய டிஸ்க் வாங்கி அனுப்புகிறேன். எதையும் தூக்கிப் போட வேண்டாம். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அன்றைக்கு எதையாவது ஒழுங்குபடுத்திவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. வேறு எதுவும் என் கையில் இல்லை.

ஃபோல்டர் பேரை மாற்றவில்லை. குரல், அப்புறம் ஒரு இடம், அப்புறம் வேண்டாதது. நீங்கள் வைத்தபடியே இருக்கிறது. பத்து வருஷமாக ஆபீஸில் இதற்காக எல்லோரையும் வைதுகொண்டிருக்கிறேன். கை துறுதுறுவென்றது. ஆனாலும் தொடவில்லை.

பனியனை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கும் கோபித்துக்கொண்டால் அனுப்பிவிடுகிறேன்.

வாலு

ஏப்ரல் 7

அம்மாடி,

பனியனை வைத்துக்கொள். கிழிசல்தான், பார்த்துத் துவை.

டிஸ்கை வந்த அன்றே மாட்டியாகிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரைப் போடவில்லை. துணி துவைத்தேன், அலமாரியை ஒழித்தேன், ஒழித்ததைத் திரும்ப அடுக்கினேன். உனக்குப் பதில் எழுதவும் உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்படவும் ஒரு பலம் வேண்டியிருக்கிறது.

நேற்று மத்தியானம் மெத்தைக் கடை வண்டி தெருவில் போனது. வேறு யாரையோ பேச வைத்திருக்கிறார்கள். சின்ன வயசு ஆள். நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை, இருமவில்லை. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. நான் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி மூலை திரும்புகிற வரைக்கும் நின்றேன். அப்புறம் உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன்.

நீ எழுதியிருந்த மெத்தைக் கடையைத் திறந்தேன். "முழிச்சுக்கிட்டுப் பேசுங்க" என்று நான் சொல்கிற வரைக்கும் கேட்டேன். என் குரல் இவ்வளவு சத்தமா? அதோடு நிறுத்திவிட்டேன். மற்றது இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுத் தீர்த்துவிட்டால் அதற்கப்புறம் நான் என்ன செய்வேன்?

மூட மனசு வராமல் கடைசியில் இருந்த ஒன்றை அமுக்கினேன். மற்றதைவிட அது ரொம்ப நீளமாக இருந்தது. ஏன் என்று பார்க்கத்தான். கண்ணாடிக் கடை. "உங்கள் கண்களுக்கு ஏற்ற…" என்று தொடங்குகிறார், போன் அடிக்கிறது. "வாலுதான். நிறுத்து, நிறுத்து" என்கிறார். நான் நிறுத்தவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது, நான் எழுந்து போயிருக்கிறேன். அண்ணனும் தங்கையும் ஆரம்பித்தால் லேசில் முடியாது என்று அடுப்படிக்குப் போயிருப்பேன். இவரும் கவனிக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதனால் நீ எங்கேயும் இல்லை என்று எழுதியது சரியில்லை.

முழுசாகக் கேட்டேன். உனக்கு முன்னால் கேட்டுவிட்டேன். நீ எனக்குச் செய்ததை நானும் உனக்குச் செய்துவிட்டேன் என்று வைத்துக்கொள். தெரிந்தே செய்யவில்லை, ஆனால் பாதியில் நிறுத்தவும் முடியவில்லை. நீ சொன்னது இப்போதுதான் புரிகிறது.

அதை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, என்னிடம் கேட்க வேண்டியதில்லை. மற்றதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. லீவு கிடைத்து வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்கலாம். கூச்சமான இடம் வந்தால் நீ அடுப்படிக்குப் போய்விட வேண்டும். பேர் "வாலு போன் பண்ணியது" என்று இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன். உன் ஆபீஸ் மெஷினுக்கு ஆகாவிட்டால் நீ கோடு போட்டுக்கொள்.

கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கெட்டுப் போயிருக்கிறது என்று நினைத்துவிடுவாய். போனில் நீ பேசினது எதுவும் இதில் விழவில்லை. அவர் பேசினது மட்டும்தான் இருக்கிறது. "சொல்லு" என்கிறார், அப்புறம் சத்தம் இல்லை. "சாப்பிட்டியா?" என்கிறார், சத்தம் இல்லை. "அதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்கிறார். அப்புறம் அவராகவே சிரிக்கிறார், நீ என்ன சொன்னாயோ. "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?" என்று கேட்கிறார். அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. "ம்" என்கிறார். மறுபடியும் "ம்". மறுபடியும் ஒன்றும் இல்லை.

பேச்சுக்கு நடுவில் சத்தமில்லாத இடம் வந்தால் நறுக்கி எடுத்து ஒட்டுவதுதான் இத்தனை நாளாக என் வேலை. கை பழக்கத்தில் அங்கே போனது. போய் நின்றது. அந்த இடத்திலெல்லாம் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நீ கேட்டால் உனக்கு ஞாபகம் வரும். ஒன்றையும் நறுக்கவில்லை, அப்படியே இருக்கிறது.

கடைசியில் "சரி, வச்சிடட்டுமா?" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ மொதல்ல வை" என்கிறார். அப்புறம், "வை வாலு, உங்க அண்ணி சோறு போட்டுட்டா" என்கிறார். நீ வைக்கவில்லை போலிருக்கிறது. அவரும் வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

அண்ணி